வாடகைக்கு வந்த தோட்டம்

சென்ற மாதம், புதிதாக வேலைக்குச் சேர்ந்த உங்கள் முன்னால் அரைமணி நேரம் பேசும்படி என்னை டிவி அலுவலகத்துக்கு அழைத்திருந்தார்கள். கேள்வி நேரத்தில் ஒரு பெண் எழுந்து, "மேடம், உங்க சர்வீஸ்லயே மறக்க முடியாத ஷூட் எது?" என்று கேட்டாள். எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள். தேர்தல் முடிவு நாள், வெள்ளம், ஏதாவது ஒரு நடிகர் கோபித்துக்கொண்டு எழுந்து போன கதை என்று எதையோ எதிர்பார்த்தது உங்கள் முகத்தில் தெரிந்தது. நான், "செம்பாக்கத்துல ஒரு மொட்டை மாடி, ஒரு புடலங்கொடி" என்றேன். சிரித்தீர்கள். அதற்குள் சமோசா வந்துவிட்டது. சமோசாவோடு போட்டி போடும் வயது எனக்கு இல்லை. அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆறு ஆண்டுகள் நான் ஒரு தோட்ட நிகழ்ச்சியின் தயாரிப்பாளர். ஞாயிறு காலை ஒன்பது மணி, அரைமணி நேரம். டிவி அலுவலகத்தில் தோட்ட நிகழ்ச்சி என்பது கல்யாண வீட்டுக்கு வந்த தூரத்து உறவு மாதிரி. வாங்க வாங்க என்பார்கள், முதல் பந்தியில் இடம் போட மாட்டார்கள்.

நிகழ்ச்சியை நடத்தியவரை நேயர்கள் 'படப்பை அக்கா' என்றே கூப்பிட்டார்கள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். ஒரகடம் போகும் சாலையில், படப்பை தாண்டி நர்சரி வைத்திருந்தார். ஒரு செம்பருத்தி வாங்கப் போனபோதுதான் அவரை முதலில் பார்த்தேன்.

"வூட்ல வெயிலு எத்தினி மணிக்கு வருது, எத்தினி மணிக்குப் போவுது?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன்.

"அப்ப போய் ரெண்டு நாளு பாத்துட்டு வா. செடி எங்கியும் ஓடிடாது."

வந்த வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பும் கடைக்காரரை அதுவரை நான் பார்த்ததில்லை. அடுத்த மாதமே அவரைக் கேமரா முன்னால் நிறுத்தினேன். கேமராவைப் பார்த்துப் பேசுகிறோம் என்ற நினைப்பே அவருக்கு வரவில்லை. யாரோ ஒருவர் வாசலில் நின்று சந்தேகம் கேட்பது போலத்தான் பேசுவார். ஒருமுறை குரோம்பேட்டையிலிருந்து ஒருவர் தொலைபேசியில் வந்து, நாலு வருஷமாகக் கறிவேப்பிலைச் செடி வளரவே இல்லை என்று குறைப்பட்டுக்கொண்டார்.

"எத்தினி நாளைக்கு ஒருக்கா பறிக்கிறீங்க?"

"தினமும்தாங்க. ரசத்துக்கு வேணுமே."

"தெனம் பறிச்சுத் தின்னு நீங்க வளந்தா, அது எப்படி சார் வளரும்?"

அந்த மனிதர் சிரித்து முடிக்கவே ஒரு நிமிடம் ஆனது. அடுத்த வாரம் மறுபடி அழைத்தார், ஏழு நாளாகக் கறிவேப்பிலை போடாத ரசம் சாப்பிடுவதாகச் சொல்ல.

எங்களுக்கு நேயர்கள் குறைவு. ஆனால் இருந்தவர்கள் எழுந்து போகாதவர்கள். இந்த இரண்டில் முதல் பாதிதான் மேலிடத்துக்குப் போய்ச் சேரும். கிரிக்கெட் வந்தால் நாங்கள் போவோம். நடிகர் பிறந்த நாள் வந்தால் போவோம். பாட்டு வெளியீட்டு விழாவின் மறுஒளிபரப்புக்குக்கூட நாங்கள்தான் எழுந்து இடம் கொடுத்தோம். ஒன்பது மணி ஏழு மணியாயிற்று, பிறகு ஆறு மணி. காரணம் கேட்டபோது எங்கள் நிகழ்ச்சித் தலைவர், "தோட்டம் வச்சிருக்கறவங்க எல்லாம் சீக்கிரம் எந்திரிக்கறவங்கதானே மேடம்" என்றார். நல்ல மனிதர். அதிர்ந்து பேச மாட்டார். அவர் வீட்டுப் பால்கனியில் இருந்த செடிகள் எல்லாம் பிளாஸ்டிக். வருஷத்துக்கு இரண்டு முறை துடைத்தால் போதும் என்று பெருமையாகச் சொல்வார்.

ஒருநாள் அவர் என்னைக் கூப்பிட்டார். "செடி நல்லாத்தான் இருக்கு மேடம். ஆனா ஃப்ரேம்ல எதுவுமே நகர மாட்டேங்குதே?"

"செடி நகர்ந்தா செய்திக்குக் கொடுத்துடுவோம் சார்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. மேஜைமேல் ஒரு புதிய திட்டம் இருந்தது. 'ஒரே நாளில் தோட்டம்'. காலையில் வெறும் மொட்டை மாடி. மாலையில் பூங்கா. வீட்டுக்காரர்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு மேலே வருவார்கள், அவிழ்த்துவிட்டு வாயில் கை வைப்பார்கள். கல்யாண மண்டபங்களுக்கு அலங்காரச் செடி வாடகைக்குக் கொடுக்கும் ஒருவரிடம் பேசியாயிற்று. படப்பிடிப்பு முடிந்ததும் செடிகள் அவரிடமே திரும்பிவிடும். எல்லாம் தயார். நான் சரி என்று சொல்வது மட்டும்தான் பாக்கி.

சரி என்றேன். மறுத்தால் நிகழ்ச்சியே போய்விடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உங்களுக்கும் இந்தச் சமாதானம் ஒருநாள் வரும். வரும்போது கூடவே ஃபில்டர் காபியும் வரும், நாற்காலியும் போடுவார்கள். கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள்.

படப்பை அக்காவிடம் போனில் சொன்னேன்.

"ஒரே நாள்ல வர்றதுக்கு அது இன்னா ஷாமியானாவா?"

"இல்லன்னா நிறுத்திடுவாங்கக்கா."

அந்தப் பக்கம் தண்ணீர்க் குழாயை மூடும் சத்தம் கேட்டது. பிறகு, "வரேன். என்னிய பொய் சொல்ல மட்டும் சொல்லாத" என்றார். வாடகை விஷயத்தை நான் அவரிடம் சொல்லவில்லை.

முதல் வீடாக நான் தேர்ந்தெடுத்தது ஹேமா டீச்சரின் வீட்டை. செம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் இருந்தது அந்த வீடு. இயற்பியல் ஆசிரியை. ஒவ்வொரு வாரமும் நிகழ்ச்சி முடிந்த பத்து நிமிடத்தில் அவரிடமிருந்து மின்னஞ்சல் வந்துவிடும், மதிப்பெண் போடாத குறையாக. இத்தனை விசுவாசமான நேயருக்கு ஒரு தோட்டம் கிடைக்கட்டுமே என்று நினைத்தேன். செடிகள் திரும்பிப் போய்விடும் என்பதை அவரிடம் மறைத்தோம் என்று சட்டப்படி சொல்ல முடியாது. ஒப்பந்தத் தாளின் நாலாவது பக்கத்தில் எறும்பு அளவு எழுத்தில் அது இருந்தது.

மாடியை முன்கூட்டி யாரும் போய்ப் பார்க்கவில்லை. படப்பிடிப்பு அன்று காலை ஏழு மணிக்கு மாடி ஏறிய ஒளிப்பதிவாளர் சேகர், உடனே கீழே இறங்கி வந்தார்.

"மேடம், மேல ஏற்கனவே தோட்டம் இருக்கு."

போய்ப் பார்த்தேன். சுவரோரம் கத்தரி, வெண்டை, மிளகாய். மீன் விற்கும் அம்மாவிடம் கேட்டு வாங்கிய தெர்மாகோல் பெட்டிகளில் கீரை. துணி காயப்போடும் கம்பங்களுக்கு நடுவே சணல் கட்டிப் பந்தல் போட்டு, அதன்மேல் புடலங்கொடி. விரல் நீளத்தில் ஏழெட்டுப் பிஞ்சுகள். எதிலும் அழகு பார்த்து வைத்த மாதிரி இல்லை. ஆனால் எல்லாமே உயிரோடு இருந்தன. நாங்கள் ஆறு வருஷமாகச் சொன்னதை ஒருவர் அப்படியே கேட்டுச் செய்திருந்தார். ஒரு தயாரிப்பாளருக்கு அதைவிடப் பெரிய பரிசு கிடையாது. எனக்கோ அது அன்றைக்குத் தலைவலி.

நிகழ்ச்சித் தலைவருக்குப் போன் போட்டேன். "வெறும் மாடி இல்லாம பூங்கா மட்டும் காட்டினா யாருக்கு என்ன புரியும்? சீக்கிரம் முடிவு பண்ணுங்க மேடம், வெயில் ஏறிட்டா நல்ல லைட் போயிடும்" என்றார்.

டீச்சர் மைக் மாட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் போய், "டீச்சர், இதெல்லாம் கொஞ்சம் ஓரமா எடுத்து வச்சுக்கலாமா?" என்று கேட்டேன். தலையாட்டினார். புடவை மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று கீழே போனார்.

ஓரமாக என்றால் மாடிப்படிக்குக் கீழே. ஈரமண் பாரத்தில் இரண்டு தெர்மாகோல் பெட்டிகள் தூக்கும்போதே பிளந்துவிட்டன. பந்தலை நகர்த்த முடியாது. "இதை என்ன மேடம் பண்றது?" என்று செடி தூக்கியவர்கள் கேட்டார்கள். சேகர் என்னைப் பார்த்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். "எடுத்துடுங்க" என்றேன்.

என் பணிக்காலத்தில் நான் எடுத்த மோசமான முடிவு அந்த ஒரு சொல்தான். சொல்லி முடிக்க ஒரு விநாடிகூட ஆகவில்லை. நெருக்கடி என்று நீங்கள் நினைப்பது பெரும்பாலும் நெருக்கடியே இல்லை, யாரோ ஒருவருடைய அவசரம். அன்று லைட் போயிருந்தால் என்ன? மறுநாள் சூரியன் வந்திருக்கும்.

டீச்சர் புதுப் புடவையில் மேலே வந்தார். வெறும் தரையைச் சுற்றிப் பார்த்தார். "பந்தலையும் எடுத்துட்டீங்களா?" என்றார். புதுத் திட்டத்துக்காக அழைத்து வந்திருந்த தொகுப்பாளினி, "புதுசு சூப்பரா வரும் மேம்!" என்றாள். டீச்சரும் சிரித்து வைத்தார்.

படப்பை அக்கா வர பதினொரு மணி ஆயிற்று. முடிச்சூர் சாலை நெரிசலில் மாட்டிக்கொண்டாராம். மாடிப்படிக்குக் கீழே அறுந்து கிடந்த கொடியைப் பார்த்ததும் நின்றுவிட்டார். ஒரு பிஞ்சைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"பிஞ்சு வுட்ட கொடிய அறுத்துட்டு இன்னாம்மா ஷூட்டிங்கு?"

நான் ஏதோ சொன்னேன். அவர் கேட்டுக்கொள்ளவில்லை. சத்தம் போடவும் இல்லை. கீழ்ப்படியில் உட்கார்ந்து, சரிந்து கிடந்த கத்தரிச் செடிகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தி, குழாயடியிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து ஊற்ற ஆரம்பித்தார். மேலே வர மாட்டேன் என்றுவிட்டார். தோட்ட நிகழ்ச்சியை அன்று தோட்டம் தெரிந்தவர் இல்லாமலே எடுத்தோம். யாருக்கும் எந்தச் சிரமமும் இருக்கவில்லை என்பதுதான் வேடிக்கை.

மேலே பூங்கா வந்தது. தொட்டிப் பனை, குரோட்டன்ஸ், செயற்கைப் புல், நடுவில் ஒரு புத்தர் சிலை. டீச்சர் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தார், அவிழ்த்தார், சொன்னபடி வாயில் கை வைத்தார். மூன்று முறை எடுத்தோம். மூன்றாவது முறை நிஜமாகவே சந்தோஷப்பட்ட மாதிரி இருந்தது.

நாலரை மணிக்கு லாரி வந்துவிட்டது. அன்று மாலையே தாம்பரத்தில் ஒரு கல்யாண வரவேற்புக்கு அந்தச் செடிகள் போக வேண்டும். டீச்சர் எங்கள் எல்லாருக்கும் காபி போட்டுத் தட்டில் எடுத்துக்கொண்டு படி ஏறினார். எதிரே இரண்டு பேர் தொட்டிப் பனையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அவர் சுவரோரம் ஒதுங்கி வழி விட்டார். பின்னாலேயே குரோட்டன்ஸ் வந்தது. பிறகு புத்தர்.

"மேடம், இதெல்லாம் எங்க போகுது?"

உண்மையைச் சொல்ல அது நல்ல சமயம். நான் சொன்னது, "இது சும்மா ஷூட்டிங்குக்கு டீச்சர். நாளைக்கு உங்களுக்கு வேற நல்ல செடியா வரும்."

கீழ்ப்படியிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "வராது டீச்சர். இது மண்டபத்துச் செடி. இந்தத் தொட்டிய நான் பத்து கல்யாணத்துல பாத்துக்கீறேன்."

டீச்சர் என்னைப் பார்த்தார். அவர் தட்டை நீட்டினார். நான் எடுத்துக்கொண்டேன். சேகருக்கும் மற்றவர்களுக்கும் கொடுத்தார். லாரிக்காரர்களையும் கூப்பிட்டுக் கொடுத்தார். கடைசித் தம்ளரை அக்காவுக்குக் கொடுத்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் வகுப்புக்குச் சொல்வது போல நிதானமாக என்னிடம் சொன்னார்:

"கொடிய வெட்டறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் மேடம். வேண்டாம்னு சொல்லியிருப்பேன். அதனாலதான் கேக்கல போல."

என்னை நிறையப் பேர் திட்டியிருக்கிறார்கள். நிகழ்ச்சி பிடிக்காமல், தலைப்பு பிடிக்காமல், ஒரு முறை என் புடவை பிடிக்காமல். அவற்றில் ஒன்றும் நினைவில் இல்லை. இது திட்டே இல்லை, வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது.

மறுநாள் எடிட் அறையில் உட்கார்ந்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. லாரி வந்த பிறகும் சேகர் கேமராவை நிறுத்தவில்லை. பனை இறங்குவது, டீச்சர் தட்டோடு ஒதுங்குவது, என் பொய், அக்காவின் பதில், எல்லாம் பதிவாகியிருந்தது. "ஏன் நிறுத்தல?" என்று கேட்டேன். "தெரியல மேடம். அப்பதான் ஃப்ரேம்ல ஏதோ நகர்ந்துச்சு" என்றார்.

அன்று மாலை படக்குழு யாருமில்லாமல் டீச்சர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். சுற்றி வளைக்காமல் கேட்டேன், அதில் மட்டும் எனக்கு இன்றும் திருப்தி. பிறகு மடிக்கணினியில் அந்தக் காட்சியைக் காட்டி, இதையும் சேர்த்துத்தான் போடலாம் என்று நினைக்கிறேன், நீங்கள் சம்மதித்தால் மட்டும் என்றேன்.

முழுவதும் பார்த்தார். "புடவை நல்லாத்தான் இருக்கு" என்றார் முதலில். பிறகு ஒரு நிபந்தனை சொன்னார். "போடுங்க. ஆனா அதோட விட்டுட்டுப் போகக்கூடாது. நான் மறுபடி புடலை விதை ஊனப் போறேன். அது காய்க்கிற வரைக்கும் வாரா வாரம் வந்து காட்டணும். படத்தை வேகமா ஓட விடக்கூடாது. ஒரு வாரத்துல ஒண்ணும் நடக்கலன்னா, ஒண்ணும் நடக்கலன்னு சொல்லணும்."

சரி என்றேன்.

அதை ஒளிபரப்ப எப்படி அனுமதி வாங்கினேன் என்று கேட்பீர்கள். வாங்கவே இல்லை. தோட்ட நிகழ்ச்சியின் பெரிய வசதியே அதுதான், அலுவலகத்தில் யாரும் அதைப் பார்க்க மாட்டார்கள். ஒளிபரப்புக்கு முன் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியவர், நீளம் சரியா என்று மட்டும் பார்த்துப் போட்டார். ஞாயிறு காலை ஆறு மணிக்கு, பூங்காவும் லாரியும் என் பொய்யும் வரிசையாகப் போயின. கடைசியில் படப்பை அக்கா வந்து, "ஒரே நாள்ல தோட்டம் வராது. வந்தா அது வாடகைக்கு வந்துதுன்னு அர்த்தம்" என்று சொல்லிக் கும்பிட்டார்.

செவ்வாய்க்கிழமை வரை அலுவலகத்துக்குத் தெரியாது. பிறகு பெருங்களத்தூரிலிருந்து நிகழ்ச்சித் தலைவரின் மாமியார் அவருக்குப் போன் செய்து, "என்னப்பா உங்க ஆளுங்க இப்படிப் பண்ணிட்டாங்க, அந்த டீச்சர் பாவம்" என்று கேட்டிருக்கிறார். அவர் வீட்டிலேயே எங்களுக்கு ஒரு நேயர் இருந்தது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. விளக்கம் கொடுத்தேன், நடந்தது நடந்தபடி. கடிதம் கோப்புக்குப் போயிற்று. 'ஒரே நாளில் தோட்டம்' ஒரே நாளோடு முடிந்தது.

அதன்பிறகு எட்டு வாரம் செம்பாக்கத்து மாடிக்குப் போனோம். முதல் வாரம் மண். இரண்டாவது வாரம் இரண்டு இலை. மூன்றாவது வாரம் நான்கு இலை, அதில் ஒன்றைப் பூச்சி தின்றிருந்தது. நாலாவது வாரம் அக்கா கேமராவைப் பார்த்து, "இந்த வாரம் ஒண்ணும் ஆவல. மழ பேஞ்சிது, செடி சும்மா கீது. நம்மளும் சும்மா இருக்கலாம்" என்றார். என் ஆயுளில் நான் ஒளிபரப்பிய மிக நேர்மையான வாக்கியம் அது.

இதனால் எங்கள் ரேட்டிங் ஏறியது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஏறவில்லை. ஒன்பதாவது வாரம் கொடி காய்த்து, முதல் காயைப் பறிக்கும் பகுதியை எடுத்துக் கொடுத்தோம். ஞாயிறு காலை ஆறு மணிக்குக் காபியோடு டிவி முன் உட்கார்ந்தேன். ஒருவர் முட்டிவலித் தைலம் விற்றுக்கொண்டிருந்தார். அரைமணி நேரமும் விற்றார். திங்கட்கிழமை கேட்டபோது, நிகழ்ச்சி முடிந்துவிட்டது, மின்னஞ்சல் அனுப்பியிருந்தோமே என்றார்கள். அனுப்பித்தான் இருந்தார்கள், ஞாயிறு காலை ஏழு மணிக்கு.

டீச்சருக்கு நானே போன் செய்து, அந்தப் பகுதி வராது, இனி எதுவுமே வராது என்று சொன்னேன். "ஓ" என்றார். பிறகு, "இங்க கொஞ்சம் கூட்டமா இருக்கு மேடம், நீங்க வர முடியுமா?" என்றார்.

போனேன். மாடியில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அக்கம்பக்கத்துக்காரர்கள், அவர்களோடு அனகாபுத்தூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த ஒரு கணவன் மனைவி. ஏரிக்கரையில் இறங்கி, டிவியில் புடலங்கொடி வந்த டீச்சர் வீடு எது என்று விசாரித்தே வந்துவிட்டார்களாம். அந்த அம்மா பந்தலுக்குக் கீழே நின்று ஒரு காயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னையும் பார்க்க வந்தவள் என்றே நினைத்துப் பேசினார்.

"பாருங்கம்மா, எட்டு வாரம் காட்டிட்டு, காய்க்கிற நேரத்துல நிறுத்திட்டானுங்க. எவனோ ஒரு ஆளு தைலம் விக்கிறான். அதான் நேர்லயே பாத்துடலாம்னு இவரை இட்டுகினு வந்துட்டேன்."

"அந்த நிகழ்ச்சிய எடுத்தவ நான்தாங்க" என்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்து நானும் தயாராகத்தான் நின்றேன்.

"நீங்கதானா! அப்ப நீங்களே சொல்லுங்க. எங்க வூட்ல கொடி நல்லா ஏறுது, பூவா பூத்துக் கொட்டுது, ஒரு பிஞ்சு நிக்க மாட்டேங்குது. அது ஏன்?"

அதற்குப் பதில், பூவுக்குப் பூ கையாலேயே மகரந்தம் சேர்ப்பது, ஒளிபரப்பாகாமல் போன பகுதியில் இருந்தது. கேமரா இல்லை, மைக் இல்லை, கடிகாரத்தைப் பார்க்க யாரும் இல்லை. டீச்சர் பாயை விரித்தார். நான் கொடியிலிருந்து ஓர் ஆண் பூவையும் ஒரு பெண் பூவையும் பறித்து வந்து அந்த அம்மாவின் உள்ளங்கையில் வைத்து, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.